'டோசைல்' என்றொரு நற்சான்றிதழ்

ஆங்கிலத்தில் 'டோசைல்' என்று ஒரு பெயரடை இருக்கிறது. இன்றைய பேச்சில் அதை அதிகம் கேட்க முடியாது. பழைய நாவல்களிலும், குதிரை, மாடு வளர்ப்பது பற்றிய நூல்களிலும் அது கண்ணில் படும். உதைக்காத, முட்டாத, இழுத்த இழுப்புக்கு வருகிற பிராணி 'டோசைல்'. மனிதரைச் சொன்னால், எதிர்த்துப் பேசாதவர், அடங்கிப் போகிறவர் என்று பொருள். மலாயில் நேர்ச்சொல் தேடினால் 'ஜினாக்' என்று வரும். அதுவும் பெரும்பாலும் பறவைக்கும் விலங்குக்கும் சொல்வதுதான். தமிழில் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'சாது', மரியாதை இல்லாமல் சொன்னால் 'வாயில்லாப் பூச்சி'.

பேச்சில் அதிகம் புழங்காத ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இளையோர் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். மலேசியத் தமிழர்களுக்கு இது அகராதியில் கிடக்கும் சொல் மட்டுமல்ல. நம் பூட்டன்மார்களைக் கப்பல் ஏற்றும்போது அவர்கள் நெற்றியில் ஒட்டிய சொல் இது.

கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்தின் வாரிசுகள் பேராக் முழுக்கப் பரவியபோது, பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. தோட்ட முதலாளிகளும் காலனி அதிகாரிகளும் ஒவ்வோர் இனத்தையும் சந்தையில் மாடு பிடிப்பதைப் போல ஒப்பிட்டு எழுதினார்கள். சீனர் கெட்டிக்காரர், ஆனால் கூலி அதிகம், கூட்டம் சேர்ந்து பேரம் பேசுவார். மலாய்க்காரருக்குச் சொந்த நிலமும் கம்பமும் இருப்பதால் தோட்டத்துக்கு வரமாட்டார். தென்னிந்தியத் தமிழர் 'டோசைல்', சொன்னதைச் செய்வார், குறைந்த கூலிக்கு வருவார். மலாயாவில் இந்தியத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஆய்வாளர்கள் யாருடைய நூலைப் புரட்டினாலும் இந்த ஒப்பீடும் இந்தச் சொல்லும் எதிர்ப்படும். கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட நூல் தொடங்கிப் பின்னால் வந்தவர்கள் வரை எல்லாரும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வசவு அல்ல. வசவாக இருந்தால் துடைத்துப் போட்டுவிடலாம். அவர்கள் இதைப் பாராட்டாகத்தான் எழுதினார்கள்.

அந்தப் பாராட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஒப்பந்தக் கூலியாக வந்தவர் தவணை முடியுமுன் வேலையை விட்டுப் போனால் அது சட்டப்படி குற்றம், சிறை வைக்கலாம். அந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி தன் ஊருக்கே போய் உறவும் சாதியும் பார்த்து ஆள் திரட்டி வருவார். எத்தனை ஆள் பெரட்டுக்கு வந்தார்களோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு. வந்தவர் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அரிசி வாங்கும் கடை தோட்டத்தில், கள்ளுக்கடை தோட்டத்தில், ஆஸ்பத்திரியும் தோட்டத்தில். வேலை போனால் அன்றைக்கே கூரையும் போகும். பிரதான சாலைக்கு வரவே சடக்கில் சில மைல் நடக்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் யாரைக் கொண்டு வைத்தாலும் சில காலத்துக்கு வாயை மூடிக்கொண்டுதான் இருப்பார். வேலியைக் கட்டிவிட்டு, உள்ளே இருப்பவரின் பிறவிக் குணமே வேலி தாண்டாமை என்று எழுதி வைத்தார்கள்.

வேலி தாண்டவும் செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. தொழிலாளர் இலாகாவின் பழைய ஆண்டறிக்கைகளில் தோட்டத்தை விட்டு ஓடிப்போனவர்களின் எண்ணிக்கைக்கென்றே பட்டியல் போடுவது வழக்கம். ஒரு பக்கம் அடங்கிய இனம் என்ற பேச்சு, மறுபக்கம் ஓடிப்போனவர்கள் கணக்கு. எழுதிய கைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி அந்தச் சொல்லின் பிறப்புக்கு வருகிறேன். என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்ததே அதுதான். 'டோசைல்' லத்தீனில் 'கற்பித்தல்' என்ற வினையடியிலிருந்து வந்தது. டாக்டர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது, அதன் முதற்பொருள் கற்பிப்பவர். டாக்குமென்ட் என்பதும் அந்தக் குடும்பம்தான், அதன் முதற்பொருள் பாடம். ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'டோசைல்' நுழைந்தபோது அதன் பொருள் 'எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியவர், கற்க விருப்பமுள்ளவர்' என்பது. அடங்கிப் போகிறவர் என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் மேலே வந்தது. வந்தபின் பழைய பொருளை அடியோடு விழுங்கிவிட்டது. ஐரோப்பிய மெய்யியலில் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ் இந்தக் குணத்தை விவேகத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தார். எவ்வளவு படித்தவரும் சில விஷயங்களில் பிறரிடம் கற்க வேண்டியவரே என்பது அவர் வாதம். அங்கே அது கூலியாளின் குணமாக இருக்கவில்லை, அறிஞனுக்கு இருக்க வேண்டிய குணமாக இருந்தது.

கற்றுக்கொள்ளக் கூடியவர் என்பது எப்படி அடங்கிப் போகிறவர் என்று ஆனது? குதிரையை நினைத்துப் பார்த்தால் புரியும். குதிரைக்குக் 'கற்பிப்பது' என்றால் கடிவாளத்துக்குப் பழக்குவதுதான். கற்பித்தல் என்பதை ஆணைக்குப் பழக்குதல் என்று எடுத்துக்கொள்கிற இடத்தில், நல்ல மாணவனும் நல்ல குதிரையும் ஒன்றாகிவிடுகிறார்கள். நம் தமிழிலும் இதற்குச் சாயல் உண்டு. 'பணி' என்றால் வேலை, 'பணி' என்றால் குனி. ஒரே சொல். பேச்சுவழக்கில் நல்ல பிள்ளைக்கு இலக்கணம் 'சொன்ன பேச்சைக் கேட்பான்'. மலாயில் 'மெண்டெங்கார் காத்தா' என்பதும் அச்சாக அதுவே. மூன்று மொழியிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு மூன்று பக்கமிருந்தும் ஒரே அறிவுரைதான் கிடைத்திருக்கும்.

ஆனால் நம் மரபு முழுவதும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும் இடத்தைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். முதல் மாணாக்கனுக்கு அன்னமும் பசுவும் உவமை. பாலையும் நீரையும் பிரித்தெடுக்கும் அன்னம், மேய்ந்துவிட்டு வந்து அசைபோடும் பசு. சொன்னதைச் சொல்லும் கிளிக்கு இடைப்பட்ட இடம்தான். ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் பன்னாடையும் கடைசி. கவனியுங்கள், அடக்கத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. பிரித்துப் பார்ப்பதற்கும் அசைபோடுவதற்கும்தான் மதிப்பெண். அதைவிடவும் எனக்குப் பிடித்தது இன்னோர் இடம். ஆசிரியர் சொன்னதைப் பிசகாமல் அப்படியே வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் தேறும் என்கிறது நன்னூல். உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால் பங்கு. பிறருக்குத் தானே எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வரும். அதே நூல் ஆசிரியரைப் பணிந்து நிற்கவும் சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் வாயே திறக்காத மாணவனுக்கு அது தரும் மதிப்பு நூற்றுக்கு இருபத்தைந்து. எஸ்.பி.எம்.-இல் கூட அதற்குத் தேர்ச்சி கிடையாது.

இப்போது தோட்டத்துக்குத் திரும்புவோம். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் தலைமையேற்று நடத்திய இயக்கம் அது. அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் பார்த்தால் 'டோசைல்' என்ற சொல்லுக்குத் தொழிலாளர்களே எழுதிய மறுப்புரை போல இருக்கும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. கொடுமைக்கார மேலாட்களை நீக்க வேண்டும். பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். துரையின் முன்னாலும் கிராணியின் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்.

சைக்கிள் கோரிக்கையை வகுப்பில் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எங்கள் பாட்டி சிரிக்கமாட்டார். செம்மோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஆபீஸ் சடக்கு வந்ததும் அவருடைய அப்பா தூரத்திலேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாராம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இறங்க வேண்டும். துரை பங்களாவுக்குள் இருந்தாலும் சரி, ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி. பாட்டியைக் கேட்டால் அதற்கு ஒரே வார்த்தை சொல்வார்: "பழக்கிட்டாங்கய்யா." குதிரைக்குச் சொல்லும் அதே சொல்.

கிள்ளானில் நடந்ததை அதிகாரிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? தொழிலாளர்கள் அடங்கியவர்கள் ஆயிற்றே, தாமாக எழுந்திருக்க மாட்டார்களே, ஆகவே யாரோ வெளியார் தூண்டிவிட்டிருக்க வேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்கள் மேலும் கொதித்தார்கள். சிலாங்கூரில் அவசர நிலை வந்தது, படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரு பெயரடைமேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று நாம் சொல்வோம். மலாய்க்காரர்கள் 'ஜினாக் ஜினாக் மெர்பாத்தி' என்பார்கள்: பழகிய புறா போலத்தான் இருக்கும், பிடிக்கப் போனால் பறந்துவிடும். இரண்டு பழமொழியில் ஒன்றையாவது துரைமார்கள் கற்றிருக்கலாம். கற்க விருப்பமில்லாதவர்கள் அவர்கள்தான். பழைய பொருளில் பார்த்தால் அந்தத் தோட்டங்களில் 'டோசைல்' அல்லாதவர்கள் துரைமார்களே.

கல்விக் கோரிக்கையையும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. நடைமுறையில் பல இடங்களில் ஒரு கொட்டகையும், பாடம் நடத்த நேரம் கிடைத்த ஒரு கிராணியோ கங்காணியோதான் பள்ளி. மற்ற நேரத்தில் பிள்ளைகள் பால் வெட்டும் பெற்றோருக்கு உதவப் போவார்கள். எளிதில் கற்கக் கூடியவர்கள் என்று பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்ட மக்களுக்குக் கற்பதற்கு ஓர் ஒழுங்கான கூரை இல்லை. அந்தச் சொல்லின் உடன்பிறப்பான டாக்குமென்டும் பலருக்குக் கிடைக்கவில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

பேராக்கில் இதன் தொடர்ச்சி இரண்டு விதமாக நடந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கங்கள் நொறுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு தோட்டங்களில் நிலவிய அமைதியைப் பார்த்து, இவர்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள் என்று மறுபடியும் ஒருவர் எழுதினால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொரு விதம், அதே சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த வீ.தி. சம்பந்தன் எடுத்த வழி. பெரிய தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட, குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பால் வெட்டிய கூலியில் மாதம் சில வெள்ளி கட்டித் தொழிலாளர்கள் பங்கு வாங்கினார்கள். சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. கணபதியின் அரசியலும் சம்பந்தனின் அரசியலும் எதிரெதிர்த் துருவங்கள். யார் பாதை சரி என்று வாதிட இன்னொரு கட்டுரை வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பாதையிலும் நடந்தவர்கள் அந்த 'அடங்கிய' மக்களே. கூட்டுறவு என்றால் என்ன, பங்கு என்றால் என்ன, சங்கச் சட்டம் என்றால் என்ன என்று பகலெல்லாம் வேலை செய்து களைத்த பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள். 15-ஆம் நூற்றாண்டுப் பொருளில் 'டோசைல்' என்றால் அதுதான்.

இதெல்லாம் பழங்கதை, இன்று யார் நம்மை அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கலாம். நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒருவர், தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவர்கள் ரொம்ப 'டோசைல்', தொல்லையே கிடையாது என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். வகுப்பில் இருந்த நாங்கள் நான்கு பேரும் புன்னகைத்தோம். அந்தப் பருவத்தில் குழு விவாதத்துக்கு இருபது மதிப்பெண் இருந்தது. பேசியவர்களுக்குப் போனது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லின் பாரம் இரட்டிப்பு. 'இருக்கிற இடமே தெரியாது' என்பது நம் வீடுகளில் மகளுக்குக் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு. 1970-களில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விளம்பரம் செய்யப்பட்டது எது தெரியுமா? இங்குள்ள பெண்களின் சிறிய விரல்களும் பொறுமையும். தோட்டத்தை விட்டு வெளியேறிய அக்காமார்கள் பலர் அந்தப் பேருந்துகளில்தான் ஏறினார்கள். துரை மாறினார், பெயரடை மாறவில்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நன்னடத்தைச் சான்றிதழிலும் பரிந்துரைக் கடிதத்திலும் 'அடக்கமானவர், பணிவானவர்' என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். உபகாரச் சம்பள நேர்காணலில் அந்த வரி எங்களுக்கு உதவுவதில்லை. இந்த மாணவி எந்தக் கேள்வியைக் கேட்டாள், எதைத் தானாகக் கற்றுக்கொண்டாள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு வரி எழுதுங்கள். பணிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிறவர்கள்தான் நாங்கள். எழுந்து நின்றபின் பேசவும் இடம் வேண்டும் என்கிறேன்.

நமக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கசக்கும். ஈப்போவில் உணவகமோ, கார் கழுவும் கடையோ, கட்டுமானக் குத்தகையோ நடத்தும் நம்மவர்கள் வங்காளதேசத்தவரையும் நேப்பாளியரையும் பற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? "நம்ம பையன்கள் எதிர்த்துப் பேசுவானுங்க. இவனுங்க சாது, சொன்னதைச் செய்வான், லீவு கேட்க மாட்டான்." கேட்க மாட்டார்தான். முகவருக்குக் கட்ட வேண்டிய கடன் ஊரில் இருக்கிறது, கடப்பிதழ் சில இடங்களில் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது, தங்கும் இடம் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. கங்காணி, கடன், லயம். வரிசை அப்படியே இருக்கிறது, சொல்கிற வாய்தான் இப்போது நம்முடையது.

பாட்டியின் பழைய தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் பழைய குடும்பங்கள் திரும்பி வரும். போன வருடம் அன்னதான வரிசையில் பரிமாறிய இளைஞர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவா பாட்டி?" என்று சுத்தமான தோட்டத்துத் தமிழில் கேட்டார். வங்காளதேசத்துக்காரர், வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பெரியவர் ஒருவரோடு தினமும் சாயந்தரம் உட்கார்ந்து பேசுவாராம், புரியாத வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பாராம். இப்போது புதிதாக வருகிற தன் ஊர்க்காரர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிறார். முதலில் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்றேன். "சம்பளம் எப்போ?" என்றார். பாட்டி சிரித்துக்கொண்டே இலையை நகர்த்தி இன்னும் கொஞ்சம் சாம்பார் வாங்கிக்கொண்டார்.